டோர்கஸ் கெரிஜின் பன்னிரண்டாம் அத்தியாயம்

லண்டனில் மூன்று அச்சகங்கள் அந்த நாவலைத் தொடமாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருந்தன. நான்காவது அச்சகம் ஒப்புக்கொண்டது என்றதும், பதிப்பாளர் ப்ரூவெட் சந்தோஷத்தில் அது எந்த ஊர் அச்சகம் என்று டோர்கஸ் கெரிஜிடம் சொல்ல மறந்துவிட்டார். மறந்தாரோ மறைத்தாரோ, யார் கண்டது.

அந்த மூன்று பேரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. இங்கிலாந்துச் சட்டம் அப்படி. எழுதுகிறவர் எதையாவது எழுதிவிட்டுப் போய்விடுவார். போலீஸ் வந்தால் அச்சடித்தவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வான், ஏனென்றால் அவன் பெயரும் ஊரும் புத்தகத்திலேயே இருக்கும். டோர்கஸின் முந்தின நாவலை ஏழு வருஷத்துக்கு முன்னால், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு எரித்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பிரதிகள். அதைத் திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் படிக்காதவர்கள். படித்த ஒரு விமர்சகர், அச்செழுத்துப் பெட்டியைத் தரையில் கொட்டிவிட்டு அள்ளி அடுக்கியதுபோல இருக்கிறது என்று எழுதினார். ஒரு பெண் ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். பிசைந்து முடிப்பதற்குள் அவள் மனசில் முப்பது வருஷம் ஓடுகிறது. அதில் புருஷனும் வருகிறான், பக்கத்து வீட்டுக்காரனும் வருகிறான். அவ்வளவுதான் கதை. இதற்கா இத்தனை ரகளை என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்கு பிஷப்புகள் தூக்கம் கெட்டுத் தவித்தார்கள்.

டோர்கஸ் தவிக்கவில்லை. எரித்த மறுநாளே அடுத்த நாவலை ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயது, தனிக்கட்டை, இரண்டு அறை வாடகை வீடு, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "இன்னும் இருபது வருஷத்துல எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க மிஸ்டர் ப்ரூவெட்," என்பாள். "அப்ப என்னைப் பழைய பாணின்னு சொல்லுவாங்க. அதையும் நான் உயிரோட இருந்து கேக்கத்தான் போறேன்." பெருமை பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். அவள் அதை நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொல்வாள்.

அக்டோபர் மாதம் பிழை பார்க்க முதல் கட்டுப் புரூஃப் வந்தது. நீள நீளமான தாள்கள், மை வாசனை இன்னும் போகவில்லை. பிரித்ததும் அவள் கண் அச்சுக்குப் போகவில்லை, ஓரத்துக்குத்தான் போனது. எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டிய சந்தேகங்களை அச்சகத்துப் புரூஃப் ரீடர் ஓரத்தில் எழுதி அனுப்புவது வழக்கம். நீல மையில், பொடிப் பொடியாக, ஒரு எழுத்துகூடச் சாயாமல் நிமிர்ந்து நிற்கிற கையெழுத்து. "கேள்வி: மூன்றாம் பக்கத்தில் குதிரை கறுப்பு, இங்கே செம்பட்டை. எது?" அவளுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் பத்து வருஷம் கீழே இருந்த கையெழுத்து அது. அவளுடைய அப்பா ரூபன் கெரிஜ்.

கட்டின்மேல் இருந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். ஆல்டர்பி. அவள் பிறந்த ஊர். அம்மாவைப் புதைத்த மறுநாள் காலை ஒரு பெட்டியோடு கிளம்பி வந்தவள், இருபத்து மூன்று வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பாவுக்கு எழுபது ஆகியிருக்கும், வேலையை விட்டிருப்பார் என்று நினைத்திருந்தாள். யுத்தத்தில் போன ஆட்கள் பாதிப் பேர் திரும்பவில்லை, ஆகவே கிழவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது. டோர்கஸ் முதலில் எரிச்சலில் தாளை மேஜைமேல் விட்டெறிந்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. குதிரை விஷயத்தில் கிழவர் சொன்னது சரி.

ஒரு மாதம் இப்படி ஓடியது. அவர் கேட்பார், அவள் பதில் எழுதுவாள். "கேள்வி: செவ்வாய்க்கிழமை சந்தை கிடையாது." "சரி, வியாழன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இரண்டு பக்கமும் கிடையாது. சௌக்கியமா என்று எழுத அந்த ஓரத்தில் இடமில்லாமல் போகவில்லை. இரண்டு பேரும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரே மண்ணில் செய்த இரண்டு பானைகள், என்ன செய்வது.

பன்னிரண்டாம் அத்தியாயம் மட்டும் வரவில்லை. பதினொன்று வந்தது, பதின்மூன்று வந்தது. கூடவே அச்சக மேனேஜர் போரெட்டிடமிருந்து ப்ரூவெட்டுக்கு ஒரு கடிதம். எங்கள் ஆட்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தை அச்சுக்கோக்க மறுக்கிறார்கள், அதை எடுத்துவிட்டால் மிச்சத்தை அடித்துத் தருகிறோம், இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

"எடுத்துட்டாத்தான் என்ன டோர்கஸ்?" என்றார் ப்ரூவெட், கையைப் பிசைந்துகொண்டு. "முப்பது அத்தியாயத்துல ஒண்ணு. யாருக்கும் தெரியப்போறதில்ல. இவங்களும் விட்டா இங்கிலாந்துல வேற ஆள் இல்லம்மா."

"எனக்குத் தெரியும். பன்னிரண்டு இல்லேன்னா புத்தகம் இல்ல. எல்லாத்தையும் கட்டித் திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

சொல்வது சுலபம். ஏழு வருஷ உழைப்பு. பன்னிரண்டாம் அத்தியாயத்துக்காகத்தான் மற்ற இருபத்தொன்பதையும் எழுதியிருந்தாள். ஒரு பத்தொன்பது வயசுப் பெண்ணின் அம்மா பதினோரு நாள் படுத்துச் சாகிறாள். அதில் சட்டத்துக்கு ஆகாதது ஆறு வரி. சாகப்போகிற அம்மா தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி, படுக்கையைப் பற்றி, மகளிடம் வாய்விட்டுப் பேசுகிற ஆறு வரி. அப்பாவுக்கு ஆகாதது இன்னொரு வரி. பதினோரு நாளும் அந்தத் தகப்பன் மாடிப்படி ஏறி வந்து பார்க்கவில்லை என்கிற வரி. பெயர்களை மாற்றியிருந்தாள். ஆனால் ஆல்டர்பியில் யார் காதில் பூச்சுற்ற முடியும்? கிழவர்தான் ஆட்களைத் தூண்டிவிட்டிருக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. மெதடிஸ்ட் சபையில் மூப்பர் வேறு. மறுநாள் காலை முதல் ரயிலில் ஏறினாள்.

மேனேஜர் போரெட் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். டோர்கஸ் உள்ளே வந்ததும் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"மிஸ் கெரிஜ், எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல. ஆனா போலீஸ் வந்து மெஷினுக்கு சீல் வெச்சா எம்பது குடும்பம் தெருவுக்கு வந்துரும்."

"போன தடவை எரிச்சது புத்தகத்தை. மெஷினை இல்ல."

"நம்ம ஆளுங்களே வேண்டாங்கறாங்களே மேடம்."

"யாரு? எங்கப்பாவா?"

போரெட்டுக்கு அங்கே ஒரு யோசனை தோன்றியது. தப்பிக்க வழி கிடைத்த மனுஷருக்கு முகம் எப்படி மலரும், அப்படி மலர்ந்தது. "இந்த அச்சகத்துல ஒரு பழக்கம் உண்டு. ரூபன் கெரிஜ் கையெழுத்து இல்லாம ஒரு தாள் மெஷினுக்குப் போகாது, எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். அவர் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் படிச்சு, கையெழுத்துப் போட்டா, ஒரு எழுத்து குறையாம அடிச்சுக் குடுக்கறேன். போலீஸை நான் பாத்துக்கறேன். போடலேன்னா நீங்க ரயிலேறிருங்க. சரிதானா?"

சரி என்றாள். போரெட் அவ்வளவு தைரியமாகப் பேசியதற்குக் காரணம், கிழவர் செத்தாலும் கையெழுத்துப் போடமாட்டார் என்று அவருக்கு இருந்த நம்பிக்கை. டோர்கஸுக்கும் அதே நம்பிக்கைதான். ஆனாலும் சரி என்று சொன்னது அவள் குணம்.

அச்சுக்கோக்கிற கூடம் மாடியில். ஜன்னலோரமாக முப்பது கம்பாசிட்டர்கள் நின்றபடி எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் நுழைந்ததும் டக் டக் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒவ்வொரு இடமாக நின்றது. அச்சகத்துக்காரர்கள் தங்கள் சங்கத்தைச் 'சேப்பல்' என்றுதான் சொல்வார்கள். தலைவருக்கு 'ஃபாதர்' என்று பெயர். பாதிரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வருஷத்து ஃபாதர் வால்டர் ஸ்மை. டோர்கஸோடு ஒரே பெஞ்சில் படித்தவர். இப்போது வழுக்கை.

"வாங்க டோர்கஸ்," என்றார் வால்டர். "லண்டன்ல சோறு போடறாங்களா? எலும்பு தெரியுது."

"உன் தலை தெரியற அளவுக்கு இல்ல வால்டர். ஏன் என் அத்தியாயத்தைக் கோக்கமாட்டேன்னீங்க? எங்கப்பா சொன்னாரா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வால்டர் சிரிக்கவில்லை. "கோக்கமாட்டோம்னு யார் சொன்னா? கோத்தாச்சு. அதுதான் வம்பே."

விஷயம் இதுதான். கையெழுத்துப் பிரதி வந்ததும் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு நாலு தாள் கொடுப்பார்கள். ஒருத்தன் கையில் கல்யாணம் இருக்கும், பக்கத்தில் நிற்பவன் கையில் சாவு இருக்கும். யாரும் கதையைப் படிப்பதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தையும் அப்படித்தான் ஐந்து பேர் பிரித்துக்கொண்டு கோத்து முடித்தார்கள். ஐந்தையும் சேர்த்து வைத்து வால்டர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபோதுதான் அது டோர்கஸின் அம்மா சூசன்னா கெரிஜின் சாவு என்று புரிந்தது. வேலையை நிறுத்திச் சேப்பலைக் கூட்டினார். முப்பது பேரும் ஒரே குரலில் முடிவெடுத்தார்கள்: இதைக் கிழவர் கண்ணில் காட்டக்கூடாது. கோத்த எழுத்தைக் காகிதம் சுற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, அசிங்கமாக இருக்கிறது, கோக்கமாட்டோம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். அவரிடம் காரணம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

"அப்ப அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியவே தெரியாது. தெரியவும் விடமாட்டோம்," என்றார் வால்டர். "நீங்க இருபத்து மூணு வருஷம் முன்னாடி போயிட்டீங்க. நாங்க தினமும் அந்த மூஞ்சியைப் பாக்கறோம். மேல வந்து எட்டிக்கூடப் பாக்கல அது இதுன்னு எழுதியிருக்கீங்களே, இதை அந்த மனுஷனே படிச்சுத் திருத்தணுமா? கொஞ்சமாவது ஈரம் இருக்கா உங்களுக்கு?"

டோர்கஸுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யார் மேல் கோபப்பட்டு ரயிலேறி வந்தாளோ அவருக்கு ஒன்றுமே தெரியாது. தடுத்தவர்கள் அவர்மேல் உள்ள பாசத்தால் தடுத்திருக்கிறார்கள். கோபத்தை வைக்க இடம் கிடைக்காவிட்டால் அது இரண்டு பங்காகிவிடும். "அவர் குழந்தை இல்ல வால்டர். ஒரு தாளை மறைக்கறதுக்கு உங்களுக்கு யார் உரிமை குடுத்தது?"

"அதையே நானும் கேக்கலாம்னு வந்தேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ரூபன் கெரிஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உயரம் குறைந்திருந்தது. காது மட்டும் பழையபடி பெரிசு. கையில் புரூஃப் கட்டு. மகளைப் பார்த்தார், ஆனால் பேசியது வால்டரிடம்.

"அறுபத்தொண்ணாம் தாளுக்கு அப்புறம் எழுபதாம் தாள் வருது. நடுவுல எட்டுத் தாள் எங்க? மூணு வாரமா கேக்கறேன். வரும் வரும்கறீங்க. நாப்பத்தோரு வருஷத்துல என் கண்ணுல படாம இந்த அச்சகத்துல இருந்து ஒரு தாள் போனதில்ல."

"அது வேண்டாம் மிஸ்டர் கெரிஜ்," என்றார் வால்டர், அவர் கண்ணைப் பார்க்காமல்.

"வேணுமா வேண்டாமான்னு கேக்கல. எங்கன்னு கேட்டேன்."

முப்பது ஆண்பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் யாரோ குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து கட்டை இழுத்தார்கள். மை தடவி, தாள் வைத்து, எட்டுப் புரூஃபும் எடுத்து முடிக்கப் பத்து நிமிஷம்.

"வாசிக்கிற பொண்ணு எங்க?" என்றார் ரூபன்.

புரூஃப் பார்க்கும்போது ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, ரீடர் அச்சுத் தாளில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். அந்த வேலைக்கு இருந்த பெண் பதினேழு வயசுக்காரி, அவருடைய சபையைச் சேர்ந்தவள். "அவளை இதை வாசிக்கச் சொல்ல முடியாது மிஸ்டர் கெரிஜ்," என்றார் வால்டர். "அவங்க அம்மா வந்து என்னைச் செருப்பால அடிப்பாங்க."

ரூபன் முதல் தடவையாக மகளிடம் பேசினார். "அப்ப எழுதினவங்க வாசிக்கட்டும். வாங்க மிஸ் கெரிஜ்."

ரீடரின் அறை என்பது நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். சாய்வு மேஜை, நீல மைக்கூடு, மூடிபோட்ட டப்பாவில் ஆறிப்போன தேநீர். டோர்கஸ் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தாள், கலையைப் பற்றி, உண்மையைப் பற்றி, பயந்தாங்கொள்ளி இங்கிலாந்தைப் பற்றி. அதற்கெல்லாம் இங்கே வேலையே இல்லை.

"வாசிக்கிற விதம் தெரியும்தானே," என்றார். "சின்ன வயசுல எனக்கு வாசிச்சிருக்க. ராகம் வேண்டாம். கமா, புள்ளி எல்லாம் சொல்லணும். நான் கையைத் தூக்கினா நிறுத்தணும்."

தொடங்கினாள். தன் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்தது என்று அவள் நம்பிய பக்கங்களைக் கடைச் சாமான் பட்டியல்போல வாசித்தாள்.

"அன்று காலை கமா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள் அம்மா புள்ளி. வெளியே சேற்று வாசனை கமா அவளுக்கு அது பிடிக்கும் புள்ளி."

அவர் விரல் வரியோடு நகர்ந்தது. கை ஒரு தடவை உயர்ந்தது. "‘சேற்று’ல ஒரு எழுத்து தலைகீழா இருக்கு." குறித்தார். "மேல போ."

கண்ணாடிக்கு வெளியே முப்பது பேரும் வேலை பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள். போரெட்கூட மாடிக்கு வந்துவிட்டார். டோர்கஸ் இரண்டாம் தாள், மூன்றாம் தாள் முடித்து நான்காம் தாளுக்கு வந்தாள். அந்த ஆறு வரி. லண்டனில் வக்கீல்கள், பிஷப்புகள் எதிரில் குரல் நடுங்காதவள் இங்கே தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டாள். இருந்தாலும் ஒரு சொல்லை விழுங்கவில்லை.

"உங்கப்பா கையில எப்பவும் மை வாசனை இருக்கும் கமா என்றாள் அம்மா புள்ளி. அந்தக் கை மேலே பட்டால் என் உடம்பு பூராவும் சிரிக்கும் புள்ளி. ஜெபம் பண்ணும்போதுகூட எனக்கு அந்த நினைப்புதான் புள்ளி. பாவம் என்பார்கள் கமா எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை கமா விளக்கை அணைக்க எப்போது நேரம் வரும் என்று பகல் முழுக்கக் காத்திருப்பேன் புள்ளி."

கை உயர்ந்தது. டோர்கஸ் நிறுத்தினாள். கிழவருடைய கை அந்தரத்திலேயே நின்றது. அதில் மை படிந்திருந்தது.

"இது நீயா இட்டுக்கட்டினதா?" என்றார்.

"இல்லப்பா. அம்மா சொன்னா. மூணாம் நாள்."

"இந்த வார்த்தையிலேயா?"

"இதே வார்த்தையில."

அவர் கையை இறக்கினார். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. "என்கிட்ட சொன்னதில்ல," என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் டோர்கஸ் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "பிழை ஒண்ணும் இல்ல. மேல போ."

ஐந்தும் ஆறும் முடிந்தன. இனி வரப்போவது ஏழாம் தாள். அதைத் தாண்டிப் போகிற வழி இல்லை. அவள் குரலைத் தாழ்த்தாமல் வாசித்தாள். "பதினோரு நாள் தகப்பனார் அந்தப் படி ஏறவில்லை புள்ளி. மற்றவர்களின் புத்தகங்களில் பிழை பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார் புள்ளி. பதினோரு இரவும் அவருடைய காலடி கேட்கும் என்று மகள் காத்திருந்தாள் கமா கேட்கவில்லை புள்ளி."

கை உயரவில்லை. பேனாவை மையில் தொட்டு, ஓரத்தில் எழுதினார். பொடிப் பொடியாக, ஒரு எழுத்தும் சாயாமல். எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பினார். டோர்கஸ் படித்தாள். "கேள்வி: ஏறினார். பூட்ஸைக் கழற்றிவிட்டு."

படித்தாள், மறுபடி படித்தாள். மூன்றாம் தடவைக்கு எழுத்து கலங்கியது. "எப்ப?" என்றாள்.

"நீ தூங்கின அப்புறம். பகல் பூரா நீதான் தூக்கி, துடைச்சு, எல்லாம் பண்ணின. உன்னை எழுப்பக்கூடாதுன்னு காலுறையோட வருவேன். கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். விடியறதுக்கு முன்ன இறங்கிருவேன்."

"பகல்ல ஏன் வரல?"

"உன் முன்னாடி எப்படி இருக்கறதுன்னு தெரியல எனக்கு."

"ஏன் சொல்லல? இருபத்து மூணு வருஷமா ஏன் சொல்லலப்பா?"

"நீ கேக்கல. மறுநாள் காலையில போயிட்ட." அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை, குதிரை கறுப்பா செம்பட்டையா என்கிற தொனிதான் இருந்தது.

டோர்கஸ் கெரிஜ் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பத்தொன்பது வயசில் அழாத அழுகையை அழுதாள். வெளியே வால்டர் எல்லோரையும் பார்த்துக் கையசைத்தார். முப்பது முதுகுகள் திரும்பிக்கொண்டன. கிழவர் ஆறிப்போன தேநீரை டப்பாவின் மூடியில் ஊற்றி அவள் பக்கம் வைத்தார். அவள் குடித்தாள். குடித்து முடித்ததும் அவளுக்குள் இருந்த எழுத்துக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளை என்ன செய்தாலும் நெடுநேரம் படுக்க வைக்க முடியாது.

"அப்பா, இந்த வாக்கியம் நிக்கணும்," என்றாள். "அந்தப் பொண்ணு காதுல விழல. விழாததைத்தான் நான் எழுதினேன். அதை எடுத்தா அவ ஏன் வீட்டை விட்டுப் போறாங்கறதே இல்லாமப் போயிரும். உங்களுக்கு இது அநியாயம்னு எனக்குத் தெரியுது. ஊரே படிக்கும். ஆனா நிக்கணும்."

கையெழுத்து அவர் கையில். ஒரு சொல் சொன்னால் போதும், அத்தியாயம் குப்பைக்குப் போய்விடும். ரூபன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு திருப்தி இருந்தது என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் இருந்தது.

"நிக்கட்டும்," என்றார். "கேள்வி போடறது என் வேலை. பதில் உன்னுது." தான் எழுதிய கேள்வியின் மேல் தானே ஒரு கோடு கிழித்தார். வாக்கியத்தின் அடியில், இருப்பது இருக்கட்டும் என்பதற்கு அடையாளமாக, வரிசையாகப் புள்ளிகள் வைத்தார். தன் மேல் விழுந்த பழிக்குத் தானே வைத்த புள்ளிகள்.

எட்டாம் தாள் சின்னது. சாவு, சவப்பெட்டி, மழை. "விடிந்ததும் அவள் கிளம்பினாள் புள்ளி," என்று டோர்கஸ் முடித்தாள். முடித்தவள் தாளை விடவில்லை.

"கடைசி வரியில இடம் இருக்காப்பா?"

அவர் கட்டைவிரலை வைத்து அளந்தார். "இருக்கு. மூணே வார்த்தைதான் அதுல. மிச்சம் வெள்ளை. அதுக்குள்ள அடங்கினா ஒருத்தனும் ஒண்ணையும் நகர்த்த வேண்டாம்."

பென்சிலை எடுத்து எழுதினாள். யோசித்ததாகக்கூடத் தெரியவில்லை. 'அவள் தூங்கிய பின் ஒவ்வொரு இரவும் அவர் காலுறையோடு மேலே வந்திருந்தார்.' எழுதித் தந்தை பக்கம் நகர்த்தினாள். அவர் உதடு அசையாமல் படித்தார். மறுபடி கட்டைவிரலை வைத்தார்.

"ரெண்டு வார்த்தை அதிகம்."

தன் எழுத்தில் ஒரு சொல்லை அரசர் வந்து கேட்டாலும் எடுக்க விட்டதில்லை அவள். ப்ரூவெட் இதற்காகப் பல தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். "நீங்களே எடுங்க," என்றாள்.

ரூபன் பேனாவை மையில் தொட்டார். ‘ஒவ்வொரு இரவும்’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார்.

"அது போனா எப்படிப்பா? அதுதான் முக்கியமே."

"ஒவ்வொரு ராத்திரியும் இல்ல," என்றார் ரூபன் கெரிஜ். "ரெண்டு ராத்திரி என்னால ஏற முடியல. பாதிப் படியிலயே உட்கார்ந்துட்டேன்."

பிறகு ஓரத்தில் ஆர். கே. என்று கையெழுத்துப் போட்டு, மை உலர ஊதி, எட்டுத் தாளையும் அடுக்கி மகள் கையில் கொடுத்தார்.